விடியற்காலையில் நடுங்கும் 11 வயது நாய்: ஸ்வெட்டர் போட்டும் தீரவில்லை

மணியின் காவல்காரன் (கேள்வி)

எங்கள் மணிக்கு 11 வயது. குட்டை முடி, ஒல்லி உடம்பு, எடை 18 கிலோ. குளிர் தொடங்கியதிலிருந்து விடியற்காலை 4 மணி வாக்கில் வெடவெடவென்று நடுங்குகிறான். அவன் நகம் தரையில் தட்டுகிற சத்தத்தில்தான் எனக்குத் தினமும் விழிப்பு. ஸ்வெட்டர் போட்டாயிற்று, மெத்தென்று படுக்கையும் உண்டு. அப்படியும் இடம் மாற்றி மாற்றிப் படுக்கிறான். எழுந்திருக்கும்போது பின்னங்கால் ஊன்ற வரவில்லை, நாலு எட்டு வைத்த பிறகுதான் சரியாகிறது. சாப்பாட்டில் குறைச்சல் இல்லை.

தெரிந்தவர் ஒருவர் "பாதி பாரசிட்டமால் கொடு" என்கிறார். ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடவிடலாமா என்றும் ஒரு யோசனை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வாலாட்டி

பாரசிட்டமால் வேண்டவே வேண்டாம். அளவு கொஞ்சம் தப்பினாலும் நாய்க்குக் கல்லீரல் கெடும், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகும். இபுப்ரோஃபென் அதைவிட மோசம். வலி மாத்திரை எதுவானாலும் டாக்டர் எழுதித் தந்தால் மட்டும்.

மூன்று கிழங்களை வளர்த்தவள்

முதலில் ஒன்று செய்யுங்கள். மணி எழுந்த உடனே அந்தப் படுக்கையின் நடுவில் முஷ்டியை வைத்து அழுத்துங்கள். விரல் முட்டி தரையில் இடித்தால் அது படுக்கையே இல்லை. என் இரண்டாவது நாயின் படுக்கை அப்படித்தான் இருந்தது. பார்க்கப் பஞ்சு மூட்டை, இடுப்பு அழுந்துகிற இடத்தில் வெறும் துணி. மேலே எத்தனை போர்த்தினாலும் அடியில் தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாலு விரல் உயரத்துக்குப் பலகை போட்டு, அதன்மேல் கெட்டியான கம்பளியை இரண்டாக மடித்துப் போடுங்கள். அதற்குமேல் உயரம் வேண்டாம், கிழவனுக்கு ஏறி இறங்கச் சிரமம்.

அப்புறம், சிரிக்காதீர்கள், அவன் படுக்கிற இடத்தில் நீங்களே 10 நிமிஷம் படுத்துப் பாருங்கள். கதவிடுக்கில் வருகிற காற்று நின்றுகொண்டிருப்பவனுக்குத் தெரியாது.

ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது குளிர் இல்லை, அந்தப் பின்னங்கால். எழும்போது பிடித்துக்கொண்டு, நடக்க நடக்க இளகுகிறது என்றால் பெரும்பாலும் மூட்டு வாதம். நாய் வலியிலும் நடுங்கும். அவன் எழுந்திருப்பதைப் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஆஸ்பத்திரி மேஜையில் ஏற்றினால் எல்லா நாயும் வீரன்தான், ஒன்றும் இல்லாத மாதிரி நிற்கும்.

காதும் மூக்கும் சில்லென்று இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். 37க்குக் கீழே போனால் உடனே டாக்டர். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த நாய் திடீரென்று நடுக்கம் நின்று, சோர்ந்து தள்ளாடினால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். உடம்பு கைவிடுகிறது என்று அர்த்தம்.

ஸ்வெட்டரைத் தினமும் கழற்றி அக்குளைப் பாருங்கள். ஒரு வாரம் பார்க்காமல் விட்டு, அங்கே தோல் உரிந்து கிடந்ததைக் கண்டு அழுதிருக்கிறேன்.

இரவுக்காவல்

ஹீட்டரைப் படுக்குமுன் அரை மணி ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க வேண்டாம்: தோல் வறண்டு பொருக்குத் தட்டும், சட்டென்று எழ முடியாத நாய் அதன் பக்கத்திலேயே கிடந்து சுட்டுக்கொள்ளும். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிப் படுக்கையின் ஓர் ஓரத்தில் வைத்தால் போதும், சூடு தாங்காவிட்டால் நகர இடம் இருக்கட்டும். மூடிய அறையில் கரி அடுப்பு மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு உங்களையும் சேர்த்தே கொல்லும்.

குளிர் என்று சாப்பாட்டைக் கூட்டுகிறவர்களும் உண்டு. வெளியிலேயே கிடக்கிற நாய்க்கு அது நியாயம். வீட்டுக்குள் சுருண்டு படுத்திருப்பவனுக்கு எடைதான் ஏறும், அந்தப் பாரமும் அதே காலில்தான் இறங்கும்.

மணியின் காவல்காரன்

12 நாள் கழித்து எழுதுகிறேன். முட்டி இடித்தது! வீடியோவைப் பார்த்த டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இடுப்பு மூட்டில் தேய்மானம். மருந்து தொடங்கியாயிற்று. தரையில் வழுக்காத விரிப்பும் போடச் சொன்னார், போட்டேன். நடுக்கம் அடியோடு போகவில்லை, ஆனால் நேற்று நான் எழுந்தது 6 மணிக்கு.

அக்கா சொன்னபடி அவன் இடத்தில் படுத்தும் பார்த்தேன். 10 நிமிஷம் தாங்கவில்லை, இடுப்பு சில்லிட்டுப்போயிற்று. எழுந்து திரும்பினால் மணி சோபாவில் ஏறிப் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.