இசை கேட்கும் அறை: நான்கு சுவரிலும் ஃபோம் ஒட்டலாமா?

தம்புரா:
வீட்டில் ஓர் அறை காலியாகிவிட்டது. 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். இசை கேட்பதற்கென்றே அதை ஒதுக்கப்போகிறேன். கையைத் தட்டினால் ‘டிர்ர்ர்’ என்று ஒலி சுவருக்குச் சுவர் ஓடுகிறது. 2.5 செ.மீ. ஃபோமை நான்கு சுவரிலும் ஒட்டிவிட்டால் போதுமா?

நாற்பது ஹெர்ட்ஸ்:
தயவுசெய்து ஒட்டிவிடாதீர்கள். ‘டிர்ர்ர்’ நின்றுவிடும், கூடவே பாடகரின் மூச்சும் ஜால்ராவின் கணீரும் போய்விடும். அடித்தொனியோ அப்படியே கிடக்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர், விரற்கடைப் பஞ்சை அது மதிக்கவே மதிக்காது. நான் ஒட்டிப் பார்த்தவன். போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்டது. இரண்டே மாதத்தில் சுரண்டி எடுத்தேன், சுவர்ப்பூச்சும் சேர்ந்து பெயர்ந்தது. மூலைகளில் தரையிலிருந்து கூரைவரை, 15 செ.மீ.க்குக் குறையாத கனத்தில் பாறைக் கம்பளி (ராக்வூல் எனப்படும், ஒலியை உறிஞ்சும் கனிம இழைப் பலகை) வையுங்கள்.

பழைய ரெக்கார்டு:
ஃபோம் வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இசை கேட்கும் அறையை ஏன் கிடங்காக்க வேண்டும்? அளவெடுக்கும் மைக் ஒன்றை வைத்து, எந்த அதிர்வெண் தூக்கலாக இருக்கிறதோ அதை ஈக்வலைசரில் (ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) இறக்கிவிட்டால் போதும்.

நாற்பது ஹெர்ட்ஸ்:
தூக்கலான மேட்டை இறக்கலாம் ஐயா, ஒலி அமுங்கிப்போகும் பள்ளத்தை எப்படி நிரப்புவீர்கள்? 5 மீட்டர் நீளத்தில் 34 ஹெர்ட்ஸ் ஒலி இரு சுவர்களுக்கிடையே நிலையலையாக நின்று அதிரும். சரிபாதியில் நாற்காலி போட்டால் அந்த ஒலி காதுக்கு எட்டவே எட்டாது. 103 ஹெர்ட்ஸுக்கும் அதே கதிதான். நேரே வரும் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஈக்வலைசரில் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும். ஸ்பீக்கர்தான் திணறும். மேலும், உங்கள் திருத்தம் ஒரே நாற்காலிக்குத்தான் பொருந்தும்.

பழைய ரெக்கார்டு:
நான் தனியாகத்தான் கேட்கிறேன், ஒரு நாற்காலி போதும்! பள்ளம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அதற்கு மருந்து நாற்காலியை நகர்த்துவது, காசு செலவில்லை.

நாற்பது ஹெர்ட்ஸ்:
நகர்த்துவதுதான் முதல் வேலை, ஏற்கிறேன். அடுத்தது பக்கச் சுவர்கள். நாற்காலியில் அமர்ந்துகொண்டு, ஒருவரைச் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான் முதல் எதிரொலி பிறக்கிறது. அங்கே உறிஞ்சும் பலகை கட்டாயம்.

பழைய ரெக்கார்டு:
கட்டாயம் என்று சொல்லாதீர்கள். பக்கவாட்டிலும் சீராக ஒலிக்கும் ஸ்பீக்கராக இருந்தால், பக்கச் சுவரின் எதிரொலி இசைக்கு விரிவு தரும் என்று ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் பல ஆண்டுகளாக வாதிட்டிருக்கிறார். அதை உறிஞ்சிவிட்டால், கண்முன் விரிவதுபோல் கேட்கும் இசைமேடை சுருங்கிவிடும். நான் புத்தக அலமாரியோடு நிறுத்திக்கொண்டேன்.

நாற்பது ஹெர்ட்ஸ்:
உங்களுக்கு விரிவு வேண்டும். எனக்கோ பாடகர் எங்கே நிற்கிறார் என்று கைநீட்டிக் காட்ட முடிய வேண்டும். 4 மீட்டர் அகலத்தில் சுவர் காதுக்கு மிக அருகில் இருக்கிறது. இதில் நான் இறங்கிவருவதாக இல்லை.

பழைய ரெக்கார்டு:
நானும்தான். தம்புரா, எதையும் வாங்குவதற்கு முன் வீட்டிலுள்ள மெத்தைகளை வைத்துப் பாருங்கள். இயற்பியலாளர் வாலஸ் சபின் 1895 முதல் ஹார்வர்டின் விரிவுரைக் கூடமொன்றில் அப்படித்தான் ஆராய்ந்தார். இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து போட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறை ஒலியியலே அங்கிருந்துதான் வளர்ந்தது.

தம்புரா:
செய்து பார்த்தேன். நாற்காலி அறையின் நட்டநடுவில்தான் இருந்திருக்கிறது. பின்சுவரிலிருந்து 1.9 மீட்டருக்குக் கொண்டுபோனதும் மிருதங்கத்தின் தொப்பியில் (அடித்தொனி தரும் இடப்பக்கம்) கும்கி என்ற வழுக்கும் அடி விழுவது நெஞ்சில் தெரிந்தது. இத்தனை நாள் அது அந்தப் பதிவிலேயே இல்லை என்று நினைத்திருந்தேன். இரண்டு மெத்தைகளை மூலைகளில் நிறுத்தியதில் அடித்தொனி பெரிதாக மாறவில்லை, ‘டிர்ர்ர்’ மட்டும் குறைந்தது. ஃபோம் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். மைக் வந்ததும் அளந்து, வரைபடத்தை இங்கே இடுகிறேன். பக்கச் சுவரைப் பற்றி அதன்பிறகு இருவரும் தொடரலாம்.