சந்தேகம்: 1812 சுரங்க எஞ்சினில் பல்சக்கரம் எதற்காக?

கேள்வி – அறிவியல் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். லீட்ஸ் நகரை அடுத்த மிடில்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் 1812-இல் ஓடத் தொடங்கிய ‘சாலமாங்கா’ என்ற நீராவி ரயில் எஞ்சினின் மாதிரியைப் பள்ளிக் கண்காட்சிக்காக மாணவர்களுடன் செய்துவருகிறேன். தண்டவாளத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் பற்கள் இருக்க, எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு நகரும். பற்கள் இல்லையென்றால் சக்கரம் வழுக்கும் என்று, இந்த முறையை வகுத்த சுரங்க மேலாளர் பிளென்கின்சாப் அஞ்சியதாகப் படித்தேன். ஆனால், 1804-இலேயே வேல்ஸின் பெனிடாரனில் பொறியாளர் டிரெவிதிக், தம் நீராவி எஞ்சினில் பல் இல்லாத சக்கரங்களைக் கொண்டே 10 டன் இரும்பை இழுத்துக் காட்டினாரே! பிறகு ஏன் இந்தச் செலவு? இன்னொன்று: எங்கள் மாதிரியில் பாரம் ஏற்றியதும் பல்சக்கரம் மேலெழும்பிப் பற்களைத் தாண்டிக் குதிக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

பதில் 1

ஐயா, பிளென்கின்சாப்பை உராய்வு பற்றி அறியாதவராகக் காட்டும் வழக்கம் நியாயமற்றது என்பது என் கருத்து. பெனிடாரனில் சிக்கல் சக்கரத்தில் இல்லை. குதிரை வண்டிகளுக்காக வார்க்கப்பட்டு, தண்டவாளமாக இருந்த இரும்புத் தகடுகள், சுமார் 5 டன் எடையுள்ள எஞ்சினைத் தாங்காமல் உடைந்தன. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. எஞ்சினின் எடையைக் கூட்டினால் பிடிப்பு கூடும், ஆனால் தண்டவாளம் முறியும். குறைத்தால் தண்டவாளம் பிழைக்கும், சக்கரம் வழுக்கும். பிடிப்பை எடையிலிருந்து பிரித்துப் பற்களிடம் ஒப்படைத்தால் இந்த இக்கட்டு தீரும் என்பதே 1811-இல் அவர் பெற்ற காப்புரிமையின் சாரம். அவருக்காகப் பொறியாளர் மேத்யூ மரே கட்டிய எஞ்சினான சாலமாங்கா, தானும் ஏறக்குறைய 5 டன்னே இருந்தும், சமதளத்தில் சுமார் 90 டன் நிலக்கரியை இழுத்தது. நெப்போலியப் போர்க்காலத்தில் குதிரைத் தீவனத்தின் விலை ஏறிக்கிடந்ததால், பல் வைத்த தண்டவாளத்தின் செலவும் சுரங்க உரிமையாளருக்குக் கட்டுபடியானது.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன்; எனினும் வடகிழக்கு இங்கிலாந்தின் வைலம் சுரங்கத்தை விட்டுவிடக் கூடாது. அங்கே சுரங்க மேலாளர் வில்லியம் ஹெட்லி, ஆட்கள் கைப்பிடியைச் சுழற்றி ஓட்டும் ஒரு சோதனை வண்டியில் எடையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து, வழுவழுப்பான சக்கரங்களின் பிடிப்பே போதுமென்று 1813 வாக்கில் உறுதிசெய்துகொண்டார். அதன் பயனாகப் பிறந்த ‘பஃபிங் பில்லி’ எஞ்சினும் தகடுகளை உடைக்கவே செய்தது, எனவே எடையைப் பரப்புவதற்காக அதை எட்டுச் சக்கரங்களில் நிறுத்தினார்கள், உறுதியான தண்டவாளம் வந்த பிறகே மீண்டும் நான்காக்கினார்கள். 1820-இல் பெட்லிங்டன் இரும்பாலையின் ஜான் பர்கின்ஷா, வார்ப்பிரும்பைப் போல எளிதில் முறியாத தேனிரும்பை உருட்டி நீண்ட தண்டவாளங்கள் செய்யக் காப்புரிமை பெற்றார். கனமான எஞ்சின்களுக்கு வழி திறந்தது அங்கேதான்.

இனி உங்கள் மாதிரி. பற்களின் முகம் சாய்வாக இருப்பதால், இழுவிசையின் ஒரு பகுதி பல்சக்கரத்தை மேல்நோக்கித் தள்ளும். உண்மையான எஞ்சினை அதன் எடையே கீழே அழுத்திப் பிடித்தது. உங்கள் மாதிரி இலேசானது. பல்சக்கரத்துக்கு நேர்மேலே ஈயக் கட்டியோ இரும்புத் துண்டோ வையுங்கள். விசை ஒரு பக்கத்தில் மட்டும் இயங்குவதால் வண்டி பக்கவாட்டில் திரும்பவும் முனையும். ஆகவே, சக்கர விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் குறைத்துவிடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. எடை வைத்ததும் குதிப்பது நின்றது. கண்காட்சிப் பலகையில் ‘வழுக்கும் என்ற அச்சம்’ என்றிருந்த வரியை நீக்கிவிட்டு, உடைந்த தகடுகளைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறேன்.