ஓடு என்று ஒரு சத்தம்

பேச்சில் வாழையும் வாளையும் ஒன்றாகக் கேட்டுக் குழப்புகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை வாசித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. இலங்கையின் வடக்கே வன்னியில் நாங்கள் ழகரத்தை ளகரமாகத்தான் பேசுகிறோம். வாழையும் வாளை மீனும் காதுக்கு ஒன்றுதான். ஆனாலும் மீன் சந்தையில் நின்று "வாளை என்ன விலை" என்றால் யாரும் வாழைக்குலையை நினைப்பதில்லை. நிற்கிற இடமே பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் அம்மாவுக்கு ஒருநாள் அப்படிக் காட்டவில்லை.

2013. போர் முடிந்த பிறகு விசுவமடுப் பக்கம் எங்கள் காணிக்குத் திரும்பி, தறப்பாள் கொட்டிலில் இருந்தபடி வீட்டுத்திட்டத்து வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தோம். சுவர் எழும்பி, கூரை மரமும் ஏற்றியாகிவிட்டது. "எப்ப ஓடு வரும்" என்று மேசனை இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததே அம்மாதான். அன்று காலை அவர் கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். ஒழுங்கைக்குள் உழவு இயந்திரம் திரும்பும் இரைச்சல். மேசன் படலையில் நின்று பெரிதாகக் கத்தினார்: "ஓடு! அக்கா, ஓடு வந்திட்டுது!"

அம்மா சட்டியைப் போட்டுவிட்டு, பக்கத்தில் விளையாடிய அக்காவின் மகளை இழுத்துக்கொண்டு காணியின் பின்பக்கம் ஓடினார். முன்பு பங்கர், அதாவது பதுங்குகுழி, இருந்த இடம் அது. நாங்கள் மண் போட்டு மூடிவிட்டோம். அந்த மேட்டில் போய்த்தான் நின்றார். பிள்ளைக்கு அழுகை. அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை.

பிறகு, மனம் சொல்லை எப்படிப் பிடிக்கிறது என்று தேடி வாசித்தபோது உளவியல் ஆய்வாளர் டேவிட் ஸ்வின்னி 1979இல் வெளியிட்ட ஆய்வு அகப்பட்டது. ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. ஒளித்துவைத்து ஒட்டுக்கேட்கும் கருவியும் அதே சொல்தான். சிலந்தி, கரப்பான் என்று பூச்சிகளைப் பற்றியே போகிற வசனத்தைக் கேட்கவிட்டு, அந்தச் சொல் முடிகிற கணத்தில் திரையில் ஒரு சொல்லைக் காட்டினார். 'எறும்பு' என்று காட்டினால் ஆட்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். 'உளவாளி' என்று காட்டினாலும் அதே விரைவு! வசனம் பூச்சியையே சொன்னாலும் இரண்டு பொருளும் மனதில் எழும்பியிருக்கின்றன. மூன்று அசை கழித்துக் காட்டியபோது பூச்சிப் பொருள் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

அதை வாசித்தபோது எனக்கு அந்தக் கிணற்றடிதான் நினைவில் வந்தது. கேட்கிற எல்லாருக்கும் இரண்டு 'ஓடு'ம் எழும்பும். அதிகம் பழகிய பொருள் முந்திக்கொள்ளும். 2009இன் முதல் மாதங்களில், போரின் கடைசிக் காலத்தில், அம்மா நாள் முழுக்கக் கேட்டது ஒரே ஓடுதான். அதோடு இயந்திர இரைச்சலும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்? 'வந்திட்டுது' என்பது காதில் விழுந்து மற்றதை அடக்குவதற்குள் கால் கிளம்பிவிட்டது. அம்மாவைப் பயந்தவர் என்று அயலில் சிலர் சொன்னது எனக்கு இன்றும் நோகிறது. அவருடைய காது பிழை விடவில்லை.

மேசன் அன்று ஒன்றும் பேசவில்லை. தானே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மிச்ச ஓடு நாலு நாள் கழித்து வந்தது. இந்த முறை அவர் கத்தவில்லை. கிணற்றடி வரைக்கும் நடந்து வந்து, "அக்கா, கூரைச் சாமான் வந்திருக்கு" என்றார்.