முழுப் பல்செட்: எது பழகினால் சரியாகும், எது ஆகாது?

கேள்வி: பராமரிப்புக்குறிப்பு

முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களுக்காகக் கேட்கிறேன். முழுப் பல்செட் போட்டவர்களில் பலர் இரண்டு மாதம் கழித்தும் அரைகுறையாகத்தான் சாப்பிடுகிறார்கள். பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள், பந்தியில் உட்காரத் தயங்குகிறார்கள். யாரைக் கேட்டாலும் "போகப் போகப் பழகிடும்" என்கிறார்கள். பழகினால் சரியாவது எது, செட்டில் உள்ள குறை எது என்று எப்படிப் பிரிப்பது? மேல் செட்டை விடக் கீழ் செட்டுக்கே புகார் அதிகமாக வருவது ஏன்? வாழ்க்கைத் தரம் கூடியதா குறைந்ததா என்று அளக்க ஏதாவது முறை உண்டா? இரவில் கழற்ற மறுப்பவர்களுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

பதில் 1: பல்லமைப்பு

கீழ் செட்டிலிருந்தே தொடங்குகிறேன், தொல்லையில் பாதிக்கு மேல் அங்கேதான்.

மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி உட்காருகிறது. இடையில் மெல்லிய எச்சில் படலம் இருக்கிறது, விளிம்பைச் சுற்றிக் காற்றுப் புகாத மூடலும் இருக்கிறது. அதனால் ஒட்டி நிற்கும். கீழ் செட் லாட வடிவம். அது உட்காரும் பரப்பு மேலே உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். நடுவில் நாக்கு ஓயாமல் அசைகிறது, இரு பக்கமும் கன்னத் தசை தள்ளுகிறது. போதாததற்கு, பல் எடுத்த பிறகு கீழ்த்தாடை மேடு மேல்தாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு கரைகிறது. 25 ஆண்டுப் பதிவுகளை வைத்து 1972இல் டால்கிரன் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அதிகமாகக் கரைவது முதல் ஆண்டில். பல் எடுத்த அன்றே மாட்டிய செட் சில மாதங்களில் தொளதொளப்பது அதனால்தான். அதை யாருடைய தவறு என்றும் சொல்ல முடியாது. உட்புறத்தில் புதுப் பூச்சு கொடுத்து ரீலைன் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இனி எதைப் பழக்கத்துக்கு விடலாம் என்பது. எச்சில் அதிகம் ஊறுவது, வாய் நிறைந்தது போன்ற உணர்வு, சொல் தடுமாற்றம், மெல்லும்போது நாக்கையும் கன்னத்தையும் கடித்துக்கொள்வது: இவை வாரத்துக்கு வாரம் குறைய வேண்டும். மெல்லும் தசைகள் புது இயக்கத்தைக் கற்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். குறைந்துகொண்டே வந்தால் காத்திருக்கலாம்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புண், வாய் திறந்ததும் கீழ் செட் மேலே எழும்புவது, பேசும்போது பல்லோடு பல் தட்டும் சத்தம், நாள் முடிவில் தாடைத் தசை வலி ஆகியவை பழகாது. டாக்டர் திருத்த வேண்டிய குறைகள் இவை.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். கீழ் செட்டின் கடைவாய்ப் பற்கள் மேல் இரு பக்கமும் ஆட்காட்டி விரலை வைத்து மாறி மாறி மெல்ல அழுத்துங்கள். ஊஞ்சல் போல ஆடினால் அடிப்பகுதி பொருந்தவில்லை. அடுத்து, வாயைப் பாதி திறந்து நாக்கு நுனியைக் கீழ் முன்பற்களின் உட்புறத்தில் தொட்டபடி வைக்கச் சொல்லுங்கள். அப்போது செட் நின்று, நாக்கைப் பின்னிழுத்ததும் எழும்பினால், செட்டைவிட நாக்குப் பழக்கத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பலருக்கு நாக்கைத் தானறியாமல் உள்ளிழுக்கும் பழக்கம் இருக்கிறது, அதனால் நாக்குக்கு அடியில் உள்ள விளிம்பின் மூடல் விட்டுப்போகிறது. நாக்கு முன்னால் இருந்தும் எழும்பினால் விளிம்பு நீண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

புண் வந்துவிட்டால் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். டாக்டரிடம் போவதற்கு முந்தைய நாள் முழுக்கச் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் சிவப்பு மறைந்துவிடும், எங்கே தேய்ப்பது என்று தெரியாது. ரொம்ப வலித்தால் கழற்றி வைக்கட்டும், ஆனால் போகும் நாளில் சில மணி நேரமாவது மாட்டியிருக்க வேண்டும். தாங்களே அரம் வைத்து ராவக் கூடாது. மழித்தது அரை மில்லிமீட்டர் தப்பினாலும் மூடல் போய்விடும். செட்டைத் திருத்தியும் இரண்டு வாரத்துக்குள் ஆறாத புண்ணைச் செட்டின் மேல் பழி போட்டு விட்டுவிடாதீர்கள். வாய்ப் புற்றுநோய் இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்ய வேண்டும்.

பதில் 2: உச்சரிப்பு

பேச்சைப் பற்றி மட்டும். எந்த எழுத்து கெடுகிறது என்று கவனித்தால் எந்த இடத்தில் குறை என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.

ட, ள, ழ வரும்போது நாக்கு மேலே வளைந்து, செட்டின் தகடு மூடியிருக்கும் அண்ணப் பகுதியை நாடுகிறது. தகடு தடித்திருந்தால் இந்த ஒலிகள் குழறும். நம் மொழியில் இவை அடிக்கடி வருவதால் தடித்த தகடு பேசுபவரைச் சீக்கிரம் சோர்வடையச் செய்கிறது. ஸ, ச விசிலடித்தால் மேல் முன்பற்களுக்குப் பின்னால் நாக்குக்கான வழி குறுகியிருக்கலாம். வ, ஃப சொல்லும்போது மேல் முன்பல் கீழ் உதட்டை லேசாகத் தொட வேண்டும், பல் வரிசை இடம் மாறி அமைந்தால் அவை திரியும். ப, ம சொல்ல உதடுகளை இழுத்து மூட வேண்டியிருந்தால் கடி உயரம் (பற்கள் சேரும்போது தாடைகளுக்கு நடுவே உள்ள உயரம்) அதிகம். சும்மா இருக்கும்போது மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் பேசும்போது பல் தட்டும். செட் தளர்ந்திருந்தாலும் தட்டும், ஆகவே இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பயிற்சிக்குத் தினமும் இரண்டு வேளை, பத்து நிமிடம் சத்தமாக வாசித்தால் போதும். தடுமாறும் சொல்லை மட்டும் எடுத்து மெதுவாக ஐந்தாறு முறை. மூன்று, நான்கு வாரம் வாசித்தும் ஒரே எழுத்து கெட்டால் அந்த எழுத்தை எழுதி டாக்டரிடம் கொடுங்கள். "பேச்சு சரியில்லை" என்பதை விட அது அவருக்கு நிறையச் சொல்லும்.

பதில் 3: தட்டும்_தரமும்

அளவுகோல் கேட்டிருந்தீர்கள். வாயின் நலம் அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் ஓ.எச்.ஐ.பி. (OHIP) என்ற கேள்விப் பட்டியல் 1994இல் 49 கேள்விகளோடு வந்தது. 1997இல் அது 14 ஆகச் சுருங்கியது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பு, மொத்தம் 56. எண் கூடினால் பாதிப்பு அதிகம். வேலை செய்யாமை, வலி, மனச்சங்கடம், சமூகத்திலிருந்து ஒதுங்குதல் என ஏழு பகுதிகளைத் தொடுகிறது. பல்லே இல்லாதவர்களுக்கென 19 கேள்வி வடிவமும் உண்டு. செட் போடும் முன் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை கேளுங்கள். மொத்த எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். சிரிப்பு திரும்பியதால் எண் இறங்கியிருக்கும், ஆனால் உணவுக் கேள்விகள் அப்படியே நிற்கும். எது அசையாமல் நிற்கிறதோ அதுதான் அடுத்த வேலை.

உணவு விஷயத்தில் எதிர்பார்ப்பை முன்கூட்டியே சரியாகச் சொல்லிவிடுவது நல்லது. முழுச் செட்டின் கடிவிசை இயற்கைப் பல்லில் கால் பங்கு, சிலருக்கு அதற்கும் கீழே. அதனால் கடினமான காய், பழம், கொட்டை, இறைச்சி எல்லாம் மெல்ல மெல்லத் தட்டிலிருந்து மறைந்து, மாவுச்சத்து மட்டும் மிஞ்சுகிறது. எடை இறங்குவதும் மலச்சிக்கலும் அங்கிருந்து தொடங்கலாம். உணவை ஒதுக்குவதற்குப் பதிலாக உருவத்தை மாற்றுங்கள்: காயைக் குழைய வேகவைத்து, பழத்தைத் துருவி, கொட்டையைப் பொடித்து, இறைச்சியைக் கொத்தி. முன்பல்லால் கடிக்க வேண்டாம், முன்னால் அழுத்தினால் பின்னால் செட் கிளம்பும். சிறு துண்டாக, இரு பக்கமும் ஒரே நேரத்தில் வைத்து மெல்ல வேண்டும். ஒரு பக்கமாக மெல்லுவது இயற்கைப் பல்லோடு வந்த பழக்கம், மாற்ற நாளாகும்.

சூடான பானத்தில் எச்சரிக்கை தேவை. தகடு மூடிய அண்ணத்துக்குச் சூடு உடனே தெரியாது, தொண்டைக்குப் போன பிறகே சுடும்.

பதில் 4: பராமரிப்புக்குறிப்பு (கேள்வி கேட்டவர்)

மிக்க நன்றி. பசை தடவிச் சமாளிப்பது பற்றியும் இரவு விஷயம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

பதில் 5: பல்லமைப்பு

பசை நன்றாகப் பொருந்தும் செட்டுக்குக் கூடுதல் பிடிமானம். பொருந்தாத செட்டை அது காப்பாற்றாது. உலர்ந்த செட்டில் பட்டாணி அளவில் மூன்று நான்கு புள்ளி போதும், ஓரத்தில் பிதுங்கினால் அளவு அதிகம். துத்தநாகம் உள்ள பசையை நாள்தோறும் மிக அதிகமாகத் தடவியவர்களுக்கு உடலில் தாமிரம் குறைந்து நரம்புப் பாதிப்பு வந்திருக்கிறது. துத்தநாகம் இல்லாததையே வாங்குங்கள். மாதத்தில் பல டியூப் தீர்ந்தால் ரீலைனுக்கு அனுப்புங்கள்.

வாய் வறண்டவர்களுக்கு எச்சில் படலம் இல்லாததால் செட் நிற்பதே கடினம். மனச்சோர்வு, ஒவ்வாமை, ரத்த அழுத்த மாத்திரைகள் சில இதற்குக் காரணமாகலாம். மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் பேசுங்கள்.

இரவில் கழற்றாவிட்டால் அண்ணம் சிவந்து காண்டிடா பூஞ்சை பிடிக்கும், வலியே இருக்காது என்பதால் தெரியாமல் வளரும். 85 வயது தாண்டியவர்களிடம் ஜப்பானில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்குபவர்களுக்கு நிமோனியா இரண்டு மடங்குக்கு மேல் காணப்பட்டது. இதை மிரட்டலாகச் சொல்லாமல் காரணமாகச் சொல்லுங்கள். மறுப்பவர்களுக்குப் பெரும்பாலும் பயம் ஒன்றுதான், பல் இல்லாத முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது. விளக்கணைத்த பிறகு கழற்றட்டும், எழுந்ததும் முதல் வேலையாக மாட்டட்டும். பெட்டி கைக்கெட்டும் தூரத்தில், பெயர் எழுதி இருக்க வேண்டும். கேட்காமல் நீங்கள் எடுக்காதீர்கள். இரவில் ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால் பகலில் தனியாக இருக்கும் சில மணி நேரம் கழற்றுவது அதற்கு அடுத்த வழி.

சுத்தம்: தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதன் மேலே பிடித்து, மென் பிரஷும் திரவ சோப்பும் கொண்டு தேய்க்கவும். பற்பசை செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைக் கீறும். வெந்நீர் வளைக்கும். உலரவிடாமல் தண்ணீரில் போட்டு வையுங்கள், ஊறவைக்கும் மாத்திரை பயன்படுத்தினால் மாட்டும் முன் நன்றாகக் கழுவ வேண்டும். ஈறையும் நாக்கையும் தனியே துடைக்கவும்.

இத்தனை செய்தும் கீழ் செட் நிற்கவில்லை என்றால், முன் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் சிறு உலோகத் திருகு) வைத்து அதில் செட்டைப் பூட்டும் வழி இருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களின் 2002 ஒருமித்த அறிக்கை பல்லற்ற கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய், புகைப்பழக்கம், எலும்புக்கான சில மருந்துகள் இருந்தால் முன்பே சொல்ல வேண்டும்.

பதில் 6: செட்_பட்டறை

ஒன்று சேர்க்கிறேன். உடைந்தால் உடனடிப் பசை போட்டு ஒட்டாதீர்கள். உடைந்த விளிம்புகள் பசைக்குள் மாட்டிக்கொண்டால் லேபில் சரியாகச் சேர்க்க முடியாது. சின்னத் துண்டு உட்பட எல்லாவற்றையும் பொறுக்கிக் கொண்டுவாருங்கள். நடுவில் திரும்பத் திரும்பக் கீறல் விட்டால் பொருள் மட்டமானது என்று நினைக்காமல் பொருத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். எலும்பு கரைந்து செட் நடுக்கோட்டில் ஆடும்போது அங்கேதான் விரிசல் விடும். கழற்றியதைக் காகிதத்தில் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டில் வைப்பதால் குப்பைக்குப் போகும் செட்டுகள் நிறைய. தயாரிக்கும்போதே அக்ரிலிக்குக்குள் பெயர் பதிக்கச் சொன்னால் செய்து தருவார்கள்.