மறு: ‘ரஸ்ட் புளூயிங்’ – நீலமுலாமா, கருந்துருவேற்றலா?

> எஃகுத் துப்பாக்கிக்கு நீல நிறம் கொடுக்கும் முறைதானே? ‘ரஸ்ட் புளூயிங்’குக்குத் தமிழில் ‘நீலமுலாம்’ என்று வைத்து முடித்துவிடலாம்.

ஐயா, அவ்வளவு விரைவில் முடிக்க வேண்டாம். முலாம் என்றால் வேறொரு பொருளைக் கொண்டுவந்து மேலே பூசுவது. இங்கே வெளியிலிருந்து எந்த உலோகமும் வருவதில்லை. இரும்பு தானே துருப்பிடித்து, அந்தத் துருவே கறுத்துக் கவசமாகிறது. வேலையைச் சொன்னால் சொல் தானாக வரும்.

மெருகிட்ட எஃகில் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. விரல் பட்ட இடம்கூடப் பின்னால் திட்டாகத் தெரியும். அமிலக் கரைசலை மெல்லியதாக ஒற்றி, ஈரம் மிகுந்த பெட்டிக்குள் சில மணி நேரம் தொங்கவிட்டால் செந்துரு சீராகப் படரும். (ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் பெட்டியே தேவையில்லை.) அதை அப்படியே காய்ச்சி வடித்த நீரில் கால் மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். குழாய்நீர் கூடாது, அதிலுள்ள உப்புகள் கறையாக நின்றுவிடும். செந்துரு என்பது நீரேறிய ஃபெரிக் ஆக்சைடு. கொதிநீரில் அது மேக்னடைட்டாக மாறுகிறது: மூன்று இரும்பணுவுக்கு நான்கு ஆக்சிஜன் அணு, கறுப்பு நிறம், காந்தத்தில் ஒட்டும் குணம். மேலே ஒட்டாமல் நிற்கும் கரும்பொடியை மென்கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்தால் அடியில் இறுகப் பற்றிய படலம் தெரியும். முதல் சுற்றில் வெறும் சாம்பல் நிறமே கிடைக்கும். மறுபடியும் கரைசல், துரு, கொதி, தேய்ப்பு. ஐந்தாறு சுற்று போனால்தான் அந்த ஆழ்ந்த கருநீலம் வரும். இறுதியில் எண்ணெய்.

> அப்படியானால் ‘கருமையாக்கல்’ போதாதா?

போதாது. சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரமும் நைட்ரேட்டும் கலந்த கரைசலை ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி, அதில் எஃகை அமிழ்த்தும் முறையும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தொழிற்சாலைகள் அதற்குத்தான் மாறின. அதிலும் உருவாவது மேக்னடைட்டே. விளைபொருள் ஒன்று, நிறமும் ஏறத்தாழ ஒன்று, வழி மட்டும் வேறு. வழியில்தான் எல்லாமே இருக்கிறது: இரட்டைக் குழல் துப்பாக்கியில் குழல்களை இணைக்கும் ஈயப் பற்றவைப்பைச் சூடான காரம் அரித்துவிடும், கொதிநீர் ஒன்றும் செய்யாது. வீட்டில் செய்பவர் துரு வழியை நாடுவதற்கும் காரணம் இதுபோன்றதே. காரத் தொட்டி தெறித்தால் கண் போகும். ஆகவே ‘துரு’ சொல்லுக்குள் இருந்தே தீர வேண்டும்.

> துரு என்றாலே கேடு அல்லவா? படிப்பவர் மிரளுவார்.

அயச்செந்தூரத்தைத் தேனில் குழைத்து உண்ட நாட்டில் இரும்பின் ஆக்சைடுக்கு யார் மிரளப்போகிறார்கள்?

என் பரிந்துரை ‘கருந்துருவேற்றல்’. ‘ஏற்றல்’ என்பதும் வெளியிலிருந்து சேர்ப்பதாகாதா என்று அடுத்த மடலில் ஒருவர் கேட்பார். கயிற்றுக்கு முறுக்கேற்றுகிறோம், அதில் எதைக் கொண்டுவந்து சேர்க்கிறோம்? மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதை உருவேற்றுதல் என்கிறோம். இந்த வேலையும் சுற்றுச் சுற்றாகத்தான் ஏறுகிறது. ஓசையும் பொருந்திவருகிறது, விடுவானேன்!

நீலம் விடுபடுகிறதே என்று வருந்துவோருக்கு: நீலமேகம் என்று நாம் சொல்வது கார்மேகத்தைத்தான். தமிழில் நீலத்துக்கும் கருமைக்கும் இடையே வேலி தாழ்வு. ‘நீலம்’ என்ற சொல்லை உண்மையிலேயே நீலமாகும் இடத்துக்கு வைத்துக்கொள்வோம். கைக்கடிகாரத் திருகுகளை 300 டிகிரியை ஒட்டிச் சூடாக்கினால் மயிற்கழுத்து நிறம் வருகிறதே, அது ‘அனல்நீலம்’. கொதிக்க வைக்காமல் செந்துருவை அப்படியே நிறுத்திப் பழுப்பாக விடும் பழைய முறை ‘செந்துருவேற்றல்’. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டிஷ் படையின் மஸ்கட் துப்பாக்கிக் குழல்கள் அப்படிப் பழுப்பானவையே. காரத்தொட்டி முறை ‘காரக்கருமை’. கடையில் புட்டியில் கிடைக்கும் செலினியக் கரைசல் இந்தக் குடும்பத்திலேயே சேராது. அது ஆக்சைடு அல்ல, மேலே படியும் செலினியச் சேர்மம். அதற்கு வேண்டுமானால் யாராவது ‘முலாம்’ என்று சொல்லிக்கொள்ளட்டும், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

> கட்டுரைத் தலைப்பில் ‘துப்பாக்கி உலோகம்’ என்று போட்டிருக்கிறேன்.

தயவுசெய்து மாற்றிவிடுங்கள். அது ‘கன்மெட்டல்’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பு. கோவைப் பட்டறையில் கன்மெட்டல் என்றால் பம்பு புஷ் (தண்டு சுழலும் உள்வளையம்) வார்க்கும் வெண்கல வகை: செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 விழுக்காடு. அதில் இரும்பே கிடையாது. எத்தனை நாள் ஈரப்பெட்டியில் தொங்கவிட்டாலும் செந்துரு வராது. துப்பாக்கிக் குழல் எஃகு என்று நேராகவே எழுதுங்கள். கறை படியா எஃகும் இதற்கு ஒத்துவராது என்பதை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

கரும்பொடியைத் தூரிகையால் எடுக்கும் ‘கார்டிங்’குக்குச் சொல் கேட்டிருந்தீர்கள். அதற்குப் புதுச்சொல் வேண்டாம். ‘பொடி தேய்த்தெடுத்தல்’ என்றால் பட்டறைப் பையனுக்கும் புரியும்.