மலேசியாவுக்கு வரும் நாயின் பெயரை மாற்ற வேண்டுமா?

திருநகர்வாசி:
பணி மாறுதலால் மதுரையிலிருந்து கோலாலம்பூருக்குக் குடிபெயரவிருக்கிறோம். எங்கள் சிப்பிப்பாறைப் பெண்நாயும் உடன் வருகிறது. கல்லூரியில் படிக்கும் மகள் இணையத்தில் பார்த்து அதற்கு ‘புக்கி’ என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயரைத் தெருவில் நின்று கூப்பிட்டுவிடாதீர்கள் என்று அங்குள்ள உறவினர் எச்சரித்தார். காரணம் கேட்டால் பேச்சை மாற்றிவிட்டார். வளர்ந்த நாய்க்கு இனிப் பெயர் மாற்றலாமா? ஆவணங்களில் சிக்கல் வருமா?

ஈப்போ மருமகள்:
உங்கள் உறவினர் சொன்னது சரிதான், ஐயா. மலாயில் அது பெண்ணின் பிறப்புறுப்பைக் குறிக்கும் கொச்சைச் சொல். தாயையும் சேர்த்துச் சொன்னால் கைகலப்பில் முடியக்கூடிய வசை. நான் மேலூரிலிருந்து இங்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இங்குள்ள தமிழர்களுக்கும் மலாய் தெரியும் என்பதால், நம்மவர்களுக்குப் புரியாது என்றும் இருந்துவிட முடியாது.

கே.கே.நகர் அண்ணாச்சி:
இப்படிப்பட்ட பெயர்கள் பல உண்டு. அமெரிக்காவில் ஆண்களுக்கு இயல்பாக வைக்கும் ‘ராண்டி’ என்ற பெயருக்கு, பிரிட்டனில் காம இச்சை மிகுந்தவர் என்று பொருள். வட இந்தியர் காதில் அது எப்படி விழும் என்பதைச் சொல்லவே வேண்டாம். நாம் கொஞ்சும் ‘குட்டி’ பஞ்சாபிலும் பாகிஸ்தானிலும் பெண்நாயைக் குறிக்கும் வசை. (நாய்க்கே வைத்தவர் தப்பிக்கலாம், பூனைக்கு வைத்தவர் பாடுதான் திண்டாட்டம்.) பழுப்பு நாய்களுக்கு வைக்கும் ‘கோகோ’வைக் கடைசி எழுத்தில் அழுத்திச் சொன்னால் பிரேசிலில் மலம் என்றாகிவிடும். மிட்சுபிஷி நிறுவனமே ‘பஜேரோ’ காரை, ஸ்பானிய மொழியில் அதற்கிருந்த ஆபாசப் பொருளால், ஸ்பெயினில் ‘மொண்டேரோ’ என்று விற்றது. பேசாமல் ‘மணி’ என்று மாற்றிவிடுங்கள். நம் ஊரில் தெருவுக்கு ஒரு மணியாவது இருக்கும்.

ஈப்போ மருமகள்:
மணியும் வேண்டாம், அண்ணாச்சி. மலாயில் ‘மனி’ என்றால் விந்து. அது வசைச்சொல் அல்ல, மணி என்ற பெயருள்ள தமிழர்கள் இங்கு நிம்மதியாகவே வாழ்கிறார்கள். ஆனாலும் ஒரு சொல்லுக்குப் பயந்து பெயரை மாற்றுபவர் இன்னொன்றில் போய் விழுவானேன்?

திருமங்கலத்து நாய் வளர்ப்பாளர்:
தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப்பில் 15 இலக்க எண் மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது. ஆகவே, இறக்குமதி அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே கால்நடை மருத்துவரிடம் சொல்லித் தடுப்பூசிப் புத்தகத்தில் பெயரை மாற்றி, எல்லாத் தாள்களிலும் ஒரே பெயர் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். நாய்க்குப் பெயரின் பொருள் தெரியாது; அந்த ஒலியையும் அதைத் தொடர்ந்து கிடைப்பதையும்தான் அது அறியும். ‘லக்கி’ என்று வைத்தால் ஈற்றொலி மாறாது. சில நாள்கள் இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லித் தின்பண்டம் கொடுங்கள். பிறகு பழையதை விட்டுவிடலாம். புதுப் பெயரைச் சொல்லித் திட்டுவது மட்டும் கூடாது.

திருநகர்வாசி:
மிக்க நன்றி. வீட்டுக்குள் புக்கி, வெளியில் லக்கி என்று வைத்துக்கொள்ளலாமா என்று மகள் கேட்கிறாள்.

திருமங்கலத்து நாய் வளர்ப்பாளர்:
நான் அதை ஏற்கமாட்டேன். கயிறு அவிழ்ந்தால் சிப்பிப்பாறை நிற்காது. அதன் பின்னால் ஓடும்போது உங்கள் மகளின் வாயில் பழகிய பெயர்தான் வரும், அதுவும் உரத்த குரலில்.