ஃபியூல் மாய்ஸ்ச்சர்: எரிபொருள் ஈரப்பதமா, தீயிரை ஈரமா?

குழுவினருக்கு வணக்கம்.

காட்டுத்தீ முன்னறிவிப்பு அட்டவணையைத் தமிழாக்கும்போது முதல் பத்தியிலேயே முட்டி நிற்கும் சொல் ‘ஃபியூல் மாய்ஸ்ச்சர்’. காட்டில் கிடக்கும் புல், சருகு, சுள்ளி, விழுந்த மரம் ஆகியவற்றில் எவ்வளவு நீர் மிச்சம் இருக்கிறது என்பதன் கணக்கு அது. அகராதி வழியே போனால் ‘எரிபொருள் ஈரப்பதம்’ என்று வரும். அதை ஏற்கக் கூடாது என்பது என் கட்சி.

எரிபொருள் என்றால் தமிழ் வாசகருக்குப் பெட்ரோல், டீசல், கேஸ். ‘எரிபொருள் ஈரப்பதம் அபாய அளவில்’ என்று எழுதினால், பெட்ரோல் பங்கில் தண்ணீர் கலந்துவிட்டது என்றுதான் படிப்பார்கள்.

இன்னும் பெரிய சிக்கல் ‘ஈரப்பதம்’. காற்றின் ஈரத்தைச் சொல்ல வானிலை அறிக்கை அந்தச் சொல்லை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. வானிலை மையத்தின் தாளில் ‘ஈரப்பதம் 20’ என்றும், அதே இடத்துக்கு, அதே பிற்பகலுக்கு, வனத்துறைத் தாளில் ‘ஈரப்பதம் 4’ என்றும் இருக்கலாம். இரண்டும் சரியே. 35 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதமாக இருந்தால் மெல்லிய சருகு காய்ந்து காய்ந்து 4 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரண்டு தாளையும் ஒன்றாகக் கோக்கிற பேரிடர் அலுவலகப் பணியாளர் என்ன நினைப்பார்? ஒன்றில் அச்சுப்பிழை என்று நினைப்பார். ஒன்றைத் திருத்தியும் விடுவார்.

மூன்றாவதாக நெல். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரை எடுப்பார்கள், மழைக்காலத்தில் அதை 22 வரை தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை போகும். இது எல்லோரும் அறிந்த எண். நெல்லில் மொத்த எடையைக் கீழே வைத்து வகுக்கிறார்கள்: 100 கிலோ நெல்லில் 17 கிலோ நீர், 83 கிலோ தானியம். காட்டுத்தீக் கணக்கிலோ உலர்ந்த எடையைக் கீழே வைக்க வேண்டும். அதே நெல்லை அந்த முறையில் கணக்கிட்டால் 17 வகுத்தல் 83, அதாவது 20.5 சதவீதம். பச்சை இலைகளுக்கு இந்தக் கணக்கில் 100-க்கு மேலேயும் போகும். ‘ஈரப்பதம் 120 சதவீதம்’ என்று அச்சிட்டால் மெய்ப்புப் பார்ப்பவரே பேனாவை எடுத்துவிடுவார்.

ஆகவே பெயர்ச்சொல், அளவுச்சொல் இரண்டும் புதிதாக வேண்டும். வகைப் பெயர்களுக்கும் சொல் வேண்டும். ‘எரிசருகு ஈரம்’ என்பது என் முன்மொழிவு. காற்றுக்குக் ‘காற்றின் ஈரப்பதம்’ என்று எப்போதும் முழுதாகவே எழுதுவோம்.

– நுங்கம்பாக்கத்திலிருந்து

---

> வகைப் பெயர்களுக்கும் சொல் வேண்டும்.

அதற்குப் புதுச்சொல்லே தேவையில்லை, ஐயா. விறகடுப்பு எரித்த மொழி நம்முடையது.

அமெரிக்கத் தீ அபாய மதிப்பீட்டு முறையில் காய்ந்த பொருள்களை 1 மணி, 10 மணி, 100 மணி, 1,000 மணி என்று நான்காகப் பிரிக்கிறார்கள். குறுக்களவு 6 மி.மீ.-க்குள் இருந்தால் 1 மணி வகை, 6 முதல் 25 வரை 10 மணி, 25 முதல் 76 வரை 100 மணி, அதற்கு மேல் 203 வரை 1,000 மணி. இதை அப்படியே சருகு, சுள்ளி, விறகு, கட்டை என்று எழுதிப் பாருங்கள். புல்லும் இலையும் சருகு. விரலால் ஒடிப்பது சுள்ளி. கொடுவாளால் வெட்டுவது விறகு. கோடரி கேட்பது கட்டை. களப்பணியில் இருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அந்த மணிக்கணக்குக்குக் ‘காய்வு நேரம்’ என்று சொல்லலாம். ‘காய்ச்சலும் பாய்ச்சலுமாக’ நீர் கட்டச் சொல்வது வயல் வழக்கு. காய்ச்சல் தனியாக நின்றால் நோயாகிவிடும் என்பதால் காய்வு. பொருள் இதுதான்: சுற்றியுள்ள காற்றின் வெப்பமும் ஈரமும் மாறாமல் நின்றால் ஒரு குச்சி கடைசியில் ஓர் ஈர அளவில் வந்து நிலைக்கும். அதைச் ‘சமநிலை ஈரம்’ என்போம். இப்போதைய ஈரத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளியில் 63 சதவீதத்தைக் கடக்க ஆகும் நேரமே காய்வு நேரம். மழையில் நனைந்த சுள்ளியில் 20 சதவீத ஈரம், சமநிலை 5 என்று கொண்டால், இடைவெளி 15. பத்து மணி நேரம் கழித்து 10.5-க்கு வரும். இருபது மணி நேரம் கழித்து 7.

இந்த வகைப்பாடு தெரியாததால் வரும் தவறு ஒன்றுண்டு. ‘நேற்று மாலைதான் மழை பெய்ததே, இன்றைக்கு என்ன தீ?’ என்பது. நேற்றைய மழை கட்டையையும் விறகையும் நனைத்திருக்கும். புல் காய்வதற்குச் சில மணி நேரம் போதும், மறுநாள் பகல் 2 மணிக்குப் பற்றத் தயாராக நிற்கும். நேர்மாறாக, வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் பிப்ரவரியிலேயே கட்டை வரை காய்ந்துவிடும். கோடையில் ஒருநாள் தூறினால் மேலே அணையும், கட்டையின் உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும், நாலு நாள் கழித்து மறுபடி எழும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் எரிந்ததில் பெரும்பகுதி காய்ந்த புல். மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். 20 டிகிரிச் சரிவில் நான்கு மடங்கு. முன்னறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டிய வகை சருகு என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

அளக்கும் முறையையும் கலைச்சொல் விளக்கத்தோடு சேர்த்துவிடுங்கள். மாதிரியைப் பகல் 1 முதல் 3 மணிக்குள் எடுக்க வேண்டும், காலைப் பனி ஒட்டியிருக்கும்போது எடுத்தால் எண் பொய் சொல்லும். காற்றுப் புகாத டப்பாவில் உடனே மூடி, அங்கேயே எடை போட வேண்டும். துணிப்பையில் கொண்டுபோனால் வழியிலேயே காய்ந்துவிடும். 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி மறுபடி எடை. 100 கிராம் 92 ஆனால் விடை 8 அல்ல. 8 வகுத்தல் 92, அதாவது 8.7. நெல் அளந்து பழகிய கை இங்கேதான் தவறும்.

– வண்டலூரிலிருந்து

---

வகைப் பெயர்கள் அருமை, அம்மா. மாற்றுக் கருத்தில்லை. காய்வு நேரம் பற்றி ஒரு சந்தேகம் மட்டும்: பொருள் நனையும்போதும் அதே கணக்குத்தானே வரும்? ஆனாலும் எச்சரிக்கைக்குத் தேவைப்படுவது காய்வதுதான் என்பதால் இருக்கட்டும்.

‘எரிசருகு’ மீதுதான் எனக்குத் தயக்கம். சருகை ஒரு வகையின் பெயராக வைத்துவிட்டு, அதையே மொத்தத்துக்கும் பெயராக்க முடியாது. ‘எரிசருகு வகைகள்: சருகு, சுள்ளி, விறகு, கட்டை’ என்று எழுதினால் படிப்பவர் திகைப்பார். அதோடு எரிவதெல்லாம் காடு அல்ல. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. அங்கே தீ தின்றது பிளாஸ்டிக், துணி, கீழே அழுகலில் உருவாகும் மீத்தேன். அங்கே காய்வு நேரக் கணக்கே செல்லாது, ஆனாலும் அதைக் குறிக்க ஒரு பொதுச்சொல் வேண்டும்.

‘தீயிரை’ என்று வைக்கலாமா? ‘குடிசைகள் தீக்கிரையாயின’ என்று அன்றாடம் எழுதுகிறோம். தீ தின்பது எதுவோ அது தீயிரை. தீயிரை ஈரம், தீயிரைச் சுமை (ஒரு ஹெக்டேரில் எத்தனை டன் கிடக்கிறது என்பது), தீயிரை அகற்றல் என்று கூட்டுச்சொற்களும் முறுக்கிக்கொள்ளாமல் வருகின்றன.

– தரமணியிலிருந்து

---

> தீ தின்பது எதுவோ அது தீயிரை.

தீக்கிரை என்பது எரிந்து முடிந்ததைச் சொல்கிறது, இது இன்னும் எரியாமல் கிடப்பதை. அந்தக் கால வேறுபாடு இடித்தது. ஆனால் யோசித்தால், புலிக்கு இரை என்று மானைச் சொல்வது அது மேய்ந்துகொண்டிருக்கும்போதும்தான். என் எரிசருகைத் திரும்பப் பெறுகிறேன்.

அடுத்த சொல்லுக்கு வருவோம். தீ வேகமாகப் பரவக்கூடிய காய்ந்த, காற்று வீசும் வானிலைக்கு அமெரிக்காவில் விடும் ‘ரெட் ஃபிளாக் வார்னிங்’கைச் சிலர் ‘செங்கொடி எச்சரிக்கை’ என்று எழுதுகிறார்கள். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் கொடியேற்றி மே தினம் கொண்டாடிய ஊர் இது, இங்கே செங்கொடிக்கு ஒரே பொருள்தான். ‘சிவப்பு எச்சரிக்கை’ என்று சுருக்கினாலும் ஆகாது: அது 20 செ.மீ.-க்கு மேல் கொட்டும் அதி கனமழை என்று மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. வறட்சிக்கும் அதே பெயர் வைத்தால் குடை தேடுவார்கள்.

துறைமுகத்தில் ‘3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு’ ஏற்றுவது போலத் தீக்கும் எண் வைக்கலாமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். கூண்டு என்ற சொல் நிலைத்ததற்குக் காரணம் கம்பத்தில் கண்ணால் பார்க்கும் பொருள் அது என்பதுதான். 1 முதல் 11 வரை எண், பகலில் உருவம், இரவில் விளக்கு. காட்டில் அப்படிக் கம்பம் இல்லை. எண் மட்டும் தனியாக நின்றால் யாருக்கும் ஒட்டாது.

– நுங்கம்பாக்கத்திலிருந்து

---

‘தீப்பரவல் எச்சரிக்கை’ போதும் என்று நினைக்கிறேன். தீ எங்கோ எரிகிறது என்று இது சொல்லவில்லை. பொறி விழுந்தால் பரவும் என்று சொல்கிறது. இந்த வேறுபாட்டை விளக்கக் குறிப்பில் அழுத்தமாக எழுத வேண்டும், ஏனென்றால் டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே அனுப்பும் ‘தீ எச்சரிக்கை’ வேறு வகை. அது எரிந்துகொண்டிருக்கும் தீயைக் கண்டு சொல்வது. ‘விர்ஸ்’ கருவி ஒரு புள்ளியை 375 மீட்டர் அளவில் பார்க்கிறது, ‘மோடிஸ்’ 1 கி.மீ. அளவில். விர்ஸ் நம் தலைக்கு மேல் வருவது ஏறக்குறைய பகல் ஒன்றரைக்கும் இரவு ஒன்றரைக்கும். மாலை 3 மணிக்குப் பற்றிய புல் அதன் கண்ணில் பட நள்ளிரவு தாண்டும். எனவே அதற்குத் ‘தீ கண்டறி தகவல்’ என்றும், முன்கூட்டிச் சொல்வதற்குத் ‘தீப்பரவல் எச்சரிக்கை’ என்றும் பிரித்துவிடலாம்.

இந்த எச்சரிக்கையை ஒரு துறை தனியாக விட முடியாது. அமெரிக்காவிலும் காற்றையும் காற்றின் ஈரப்பதத்தையும் வானிலைச் சேவை சொல்கிறது. தரையில் கிடப்பது காய்ந்துவிட்டதா என்பதை நிலத்தை நிர்வகிக்கும் வன அமைப்புகள் சொல்ல வேண்டும். இரண்டும் கூடினால்தான் எச்சரிக்கை. ஐடஹோ மாநிலம் பாய்சியில் உள்ள தேசியத் தீ மையத்தில் இரு தரப்பையும் ஒரே வளாகத்தில் உட்கார வைத்திருப்பது இதற்காகத்தான். இங்கே வானிலை மையம் ஒரு நிர்வாகத்தின் கீழ், வனத்துறை இன்னொன்றின் கீழ், பேரிடர் மேலாண்மை மூன்றாவதன் கீழ். மூவருக்கும் ஒரே சொற்பட்டியல் இருப்பது அதனால் அவசரத் தேவை. அட்டவணையில் ‘காற்றின் ஈரப்பதம்’ பத்தியை வானிலை மையம் நிரப்பட்டும், ‘தீயிரை ஈரம் (உலர் எடையில்)’ பத்தியை வனத்துறை நிரப்பட்டும். பத்தித் தலைப்பே யார் பொறுப்பு என்பதைக் காட்டிவிடும்.

– வண்டலூரிலிருந்து

---

சொல் நீளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறியீடுதான் கொள்ளும். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். மீறினால் 67, 67 ஆகத் துண்டாகும். மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் இரண்டாம் துண்டு முதலில் வந்து சேரலாம், வராமலும் போகலாம்.

கிராம வனக்குழுவுக்கு அனுப்ப ஒரு மாதிரி:

போடி: சருகு ஈரம் 5%. காற்று வலுக்கும். மாலை 6 வரை தீ மூட்டாதீர்.

எண்ணிப் பார்த்தேன்: 64. ‘சருகு ஈரம்’ இருந்த இடத்தில் ‘தீயிரை ஈரம்’ வைத்தால் 65. ‘எரிபொருள் ஈரப்பதம்’ வைத்தால் 72, செய்தி இரண்டாக உடைந்து ‘மூட்டாதீர்’ என்பதன் கடைசி ‘தீர்’ பிந்திப் போகும். அது இல்லாமல் முதல் துண்டை மட்டும் படித்தால் ‘மாலை 6 வரை தீ மூட்டா’ என்று அரைகுறையாக நிற்கும்.

அதனால் ஊருக்குப் போகும் செய்தியில் வகைப் பெயரையே எழுதுவோம். அலுவலக அட்டவணைக்கும் பாடநூலுக்கும் தீயிரை.

– தரமணியிலிருந்து